தேய்ந்த இடத்தைக் காட்டுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிறு இணைப்பில் 'எல்லோருக்கும் ஏற்ற ஒரே கேமரா' என்று வந்திருந்த கட்டுரையைப் படித்தேன். ஒரு மாடலைச் சொல்லி, புதிதாகப் பழகுபவர் முதல் தொழில்காரர் வரை யாரும் இதை வாங்கினால் போதும், இனி யோசிக்கவே வேண்டாம் என்று எழுதியிருந்தார்கள். எழுதியவர் அந்தக் கேமராவை நன்றாகப் புழங்கிப் பார்த்திருக்கிறார், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. நல்ல கேமராதான். நானே அதை நாலைந்து முறை பிரித்துப் பூட்டியிருக்கிறேன். 'எல்லோருக்கும்' என்ற அந்த ஒரு சொல்தான் உறுத்தியது.

நான் கேமரா மெக்கானிக். 26 வருடமாக இதே வேலை. ஃபிலிம் கேமராக்களின் கடைசிக் காலத்தில் தொழிலுக்கு வந்தேன், இப்போது மிரர்லெஸ் என்கிற புது ரகக் கேமராவில் வந்து நிற்கிறேன். படம் எடுப்பதில் கெட்டிக்காரன் இல்லை. எங்கள் வீட்டு ஆல்பத்தில் நான் எடுத்த படங்களில் பாதிப் பேருக்குத் தலை இருக்காது. ஆனால் செருப்புத் தைப்பவருக்கு அடியைப் பார்த்தாலே ஆளின் நடை தெரிந்துவிடும் இல்லையா, அந்த மாதிரி ஒரு கேமரா மேசைக்கு வந்தால் அது எங்கே தேய்ந்திருக்கிறது என்றுதான் முதலில் பார்ப்பேன். என்ன எடுக்கிறார், எப்படிப் பிடிக்கிறார், எந்தத் தோளில் மாட்டுகிறார் எல்லாம் அதிலேயே இருக்கும். அவர் வாய் திறந்து பழுதைச் சொல்வதற்குள் பாதி விளங்கிவிடும்.

சில மாதங்களுக்கு முன் ஒரே வாரத்தில் ஒரே மாடல் கேமரா இரண்டு வந்தன. இரண்டிலும் ஷட்டர், அதாவது படம் எடுக்கும்போது திறந்து மூடும் திரை, போயிருந்தது. முதலாவது கல்யாணப் படம் எடுப்பவருடையது. வலது கைப்பிடியின் ஓரத்தில் பெயின்ட் போய் உலோகம் பளபளத்தது. ரப்பர் உறை வியர்வையில் ஊறி, உப்பி, விளிம்பில் தூக்கிக்கொண்டிருந்தது. வார் மாட்டும் வளையம் பாதி அறுந்திருந்தது. மூலைகள் மழுங்கியிருந்தன. ஆளுக்கு இரண்டு கேமராவைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடுபவர்களுக்கு இது வழக்கம், ஒன்றோடு ஒன்று இடித்துக்கொண்டே இருக்கும். பிளாஷ் மாட்டும் சட்டம் ஆடியது. ஷட்டர் 3 லட்சம் படங்களைத் தாண்டி ஓடியிருந்தது. அந்த ரகத்துக்குத் தயாரிப்பாளர் சொல்வது 2 லட்சம்தான்.

இரண்டாவது, பழைய ஆவணங்களைப் பக்கம் பக்கமாகப் படமெடுத்து வைக்கும் ஒருவருடையது. அதுவும் 2 லட்சத்துக்கு மேல் ஓடியிருந்தது. ஆனால் பார்வைக்கு நேற்றுதான் பெட்டியிலிருந்து எடுத்தது போல் இருந்தது. ஷட்டர் பட்டனில்கூட விரல் பட்ட மினுமினுப்பு இல்லை. கம்ப்யூட்டரிலிருந்தே அமுக்குகிறார். பேட்டரி இருக்க வேண்டிய இடத்தில் மின்கம்பி போகிற டம்மி. அடியில் ஸ்டாண்டோடு முடுக்கும் மரை மட்டும் தேய்ந்து வழுக்கியது. இந்த மனிதர் வியூஃபைண்டரில் ஒருநாளும் கண்ணை வைத்ததில்லை என்று பந்தயமே கட்டுவேன்.

முதலாமவர் ஃபோகஸின் வேகத்தையும், ஒரே நேரத்தில் இரண்டு கார்டில் படம் பதியும் வசதியையும் நம்பிப் பிழைப்பவர். கார்டு கெட்டுப்போயிற்று என்பதற்காக அந்தக் கல்யாணத்தை இன்னொரு தடவை நடத்த மாட்டார்கள். இரண்டாமவர் ஃபோகஸை ஒருமுறை வைத்தால் ஆறு மாதத்துக்கு அதைத் தொட மாட்டார். அவருக்கு வேண்டியது ஓரத்தில் கோடு வளையாத லென்ஸும் நிறம் மாறாத விளக்கும்தான். ஒரே கேமராவில் ஆளுக்கு ஒரு பாதியைத் தேய்த்திருக்கிறார்கள், அந்த இரண்டு பாதியும் வேறு வேறு. 'அதுதான் ஒரே மாடல் இரண்டு பேருக்கும் பொருந்திவிட்டதே' என்று உங்கள் கட்டுரையாளர் கேட்கலாம். பொருந்தியது என்று நான் சொல்ல மாட்டேன். இரண்டு பேரும் சமாளித்தார்கள், அவ்வளவுதான்.

தயாரிப்பாளர்களுக்கே இது தெரியும். சோனி 2013-ல் ஏ7, ஏ7ஆர் என்று இரண்டு கேமராக்களைக் கொண்டுவந்தது. மறு வருடம் ஏ7எஸ். மூன்றையும் மேசையில் வரிசையாக வைத்தால் எழுத்தைப் பார்த்துத்தான் அடையாளம் சொல்ல முடியும். உள்ளே முக்கியமாகச் சென்சார், அதாவது ஒளியைப் படமாக்கும் சில்லு, வேறு. ஒன்றில் 24 மெகாபிக்சல், அதாவது 2.4 கோடி புள்ளிகள், ஒன்றில் 36, கடைசியில் வந்ததில் 12. கடைசியில் வந்ததில்தான் குறைவு என்பதைக் கவனியுங்கள். இருட்டிலும் வீடியோவிலும் வேலை செய்பவர்களுக்காக வேண்டுமென்றே குறைத்தார்கள். நிக்கான் 2012-ல் டி800 என்று ஒரு கேமராவை விட்டது, கூடவே டி800இ. துணியின் நெசவு மாதிரி நுணுக்கமான வரிகளைப் படமெடுத்தால் இல்லாத அலைகளும் வண்ணங்களும் வந்துவிடும். அதைத் தடுக்கச் சென்சாருக்கு முன்னால் படத்தை மயிரிழை அளவுக்கு மங்கலாக்கும் ஒரு வடிகட்டி வைப்பார்கள். டி800-ல் அது வேலை செய்யும், டி800இ-யில் அதன் வேலையை ரத்து செய்து வைத்திருந்தார்கள். ஆடைகளைப் படமெடுப்பவர் முதலாவதைக் கேட்பார், மலையையும் பாறையையும் எடுப்பவர் இரண்டாவதைக் கேட்பார். செய்தவர்களாலேயே ஒன்றில் நிறுத்த முடியவில்லை.

வடிகட்டி என்றதும் ஒரு கதை சொல்ல வேண்டும். ஒன்பது வருடத்துக்கு முன் ஒருவர் நல்ல நிலையில் இருந்த டிஎஸ்எல்ஆர் ரகக் கேமரா ஒன்றைக் கொண்டுவந்து, 'இதில் பழுது ஒன்றும் இல்லை, உள்ளே இருக்கிற கண்ணாடியைக் கழற்றிவிடுங்கள்' என்றார். ராத்திரி வானத்தைப் படமெடுப்பவர். விண்மீன்களுக்கு நடுவே இருக்கும் ஹைட்ரஜன் மேகங்கள் 656 நானோமீட்டர் அலைநீளத்தில் ஓர் ஆழ்ந்த சிவப்பில் ஒளிர்கின்றன. நம் கண்ணுக்கு அந்தச் சிவப்பு அவ்வளவாக எடுபடாது. சென்சார் அதை நன்றாகவே பார்க்கும். அப்படியே விட்டால் மனிதர்களின் தோல் நிறம் தாறுமாறாகிவிடும் என்று, சென்சாருக்கு முன்னால் ஒரு கண்ணாடியை வைத்து அந்தச் சிவப்பில் பெரும்பகுதியைத் தடுத்துவிடுகிறார்கள். இவருக்கோ தடுக்கப்படும் அந்தச் சிவப்புதான் வேண்டும்.

செய்து கொடுத்தேன். சொல்வதற்குச் சுலபம். முதலில் பிளாஷ் கெப்பாசிட்டரில் நிற்கும் 300 வோல்ட் மின்சாரத்தை வடிக்க வேண்டும், மறந்தால் கை உதறிவிடும். (ஒருமுறை மறந்திருக்கிறேன்.) அப்புறம் திருகாணிகள். இந்தக் கேமராக்களில் இருப்பது ஜப்பானிய அளவுத் திருகாணி. சாதாரண நட்சத்திரத் திருப்புளி பார்வைக்கு அதேபோல இருக்கும், ஆனால் சரியாக உட்காராது, அழுத்தித் திருப்பினால் தலை மழுங்கிவிடும். பதினைந்து இருபது திருகாணி, நாலைந்து பட்டை கேபிள், எல்லாம் கழன்ற பிறகு சென்சார் வரும். அதன் முன்னால் அந்தக் கண்ணாடி. தபால் தலையைவிடக் கொஞ்சம் பெரிது, இளநீலமும் பச்சையும் கலந்த நிறம். எடுத்துவிட்டுச் சும்மா மூடிவிடவும் முடியாது. 1 மில்லிமீட்டர் கண்ணாடியை எடுத்தால் ஃபோகஸ் விழும் இடம் அதில் மூன்றில் ஒரு பங்கு தூரம் நகர்ந்துவிடும். அதே அளவுக்கு ஒளியை வளைக்கும் நிறமற்ற கண்ணாடியை அந்த இடத்தில் வைத்துத்தான் மூட வேண்டும்.

இரண்டு மாதம் கழித்து மனிதர் திரும்ப வந்தார். தொப்பி மாதிரி விரிந்த ஒரு சிவப்பு மேகத்தின் படத்தைக் காட்டினார், அவ்வளவு சந்தோஷம் முகத்தில். அப்புறம் கொஞ்சம் தயங்கி, மகளின் எட்டாவது பிறந்தநாள் படங்களைக் காட்டினார். எல்லோரும் தக்காளி மாதிரி சிவந்திருந்தார்கள். நிறத்தைச் சரிசெய்யும் ஒயிட் பேலன்ஸை மாற்றி ஓரளவு அடக்கினோம், முழுதாக அடங்கவில்லை. வீட்டுப் படங்களுக்கு வேறு கேமரா வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். நிக்கானே 2015-ல் டி810ஏ என்று வானத்துக்காகத் தனியாக ஒன்றைச் செய்து, அந்தச் சிவப்பை நாலு மடங்கு கூடுதலாக உள்ளே விட்டது, சாதாரணப் படங்களுக்கு இது வேண்டாம் என்றும் சொல்லிவிட்டது. ஒரே கேமரா, ஒரே லென்ஸ், ஒரே ஆள். தபால் தலை அளவுக் கண்ணாடி ஒன்று இருந்தால் மகளுக்கு ஆகும், இல்லாவிட்டால் வானத்துக்கு ஆகும்.

கட்டுரையில் மெகாபிக்சலைப் பற்றி ஒரு பத்தி முழுக்க இருந்தது. அதைப் படிக்கும்போது உங்கள் நாளிதழையே அளந்து பார்த்தேன். நாளிதழ் அச்சுக்கு அங்குலத்துக்கு 200 புள்ளி இருந்தால் தாராளம். 8 அங்குல அகலமும் 6 அங்குல உயரமும் உள்ள படம் என்றால் 1600-க்கு 1200, அதாவது 20 லட்சம் புள்ளிகூட இல்லை, 2 மெகாபிக்சலுக்கும் கீழே. 1999-ல் நிக்கான் டி1 வந்தபோது அதில் 2.7 மெகாபிக்சல்தான் இருந்தது. செய்திப் படக்காரர்கள் அதைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள், மறுநாள் படம் பேப்பரில் வந்தது. இன்னொரு பக்கம், ஃபியூஜிஃபிலிம் 2019-ல் 102 மெகாபிக்சலில் ஜிஎஃப்எக்ஸ்100 என்று ஒன்றை விட்டது. சுவர் அளவுக்குப் படம் போடுபவருக்கு அது வரப்பிரசாதம். ஆட்டம் முடிவதற்குள் நூறு படம் அனுப்ப வேண்டிய விளையாட்டு நிருபருக்கு அவ்வளவு பெரிய ஃபைல்கள் காலில் கட்டிய கல்.

முதல் டிஜிட்டல் கேமரா விஷயத்தில் இந்த வாதமே எழவில்லை. 1975-ல் கோடாக்கில் ஸ்டீவன் சாசன் செய்தது. மூன்றரைக் கிலோவுக்கு மேல் எடை, 100-க்கு 100 புள்ளி, கறுப்பு வெள்ளை, ஒரு படம் கேசட்டில் பதிய 23 விநாடி. அது ஒருவருக்கும் பொருந்தவில்லை, ஆகவே எல்லோரும் சமம்.

சரி, எடைக்கு வருவோம். இதைக் கட்டுரை ஒரே வரியில் தாண்டிவிட்டது, 'சற்றே கனம்' என்று. பறவைகளை எடுக்கும் ஒரு அம்மா என்னிடம் வருவார், அறுபதைத் தாண்டியவர். யாரோ சொன்னார்கள் என்று 600 மில்லிமீட்டர், எஃப் 4 லென்ஸ் வாங்கினார். எஃப் 4 என்றால் 600-ஐ நாலால் வகுத்து வரும் 150 மில்லிமீட்டர் அகலத்துக்கு ஒளி போகும் வழி திறந்திருக்க வேண்டும். முன்கண்ணாடி 15 சென்டிமீட்டருக்குக் குறையவே முடியாது. இந்தக் கணக்கை எந்தத் தொழில்நுட்பமும் ஏமாற்ற முடியாது. எடை 3 கிலோவை ஒட்டி வரும், கேமரா தனி. அந்த லென்ஸ் என்னிடம் முதல்முறை வந்தது பழுதுக்காக இல்லை, உள்ளே பூஞ்சை பூத்துவிட்டது என்று. வெளியே ஒரு கீறல்கூட இல்லை. முக்காலியில் மாட்டும் காலில் பெயின்ட் அப்படியே இருந்தது. பூஞ்சை பூத்த லென்ஸும் தேயாத காலும் சேர்ந்து சொன்னது ஒன்றுதான், அது பெட்டியை விட்டு வெளியே வருவதே இல்லை.

'முதுகு ஒத்துழைக்கவில்லை' என்றார். இப்போது அவர் வைத்திருப்பது மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் ரகம். சென்சார் 17.3-க்கு 13 மில்லிமீட்டர், முழு அளவு சென்சாரான 36-க்கு 24-இன் பரப்பில் கால்வாசி. அதில் 300 மில்லிமீட்டர் லென்ஸே 600 காட்டுகிற அளவுக்குப் பறவையைக் கிட்டத்தில் காட்டும், எடையும் ஒன்றரைக் கிலோவுக்குள் அடங்கும். இதற்கும் ஒரு விலை உண்டு. சென்சார் மொத்தத்தில் வாங்கும் ஒளியும் கால்வாசிதான். அந்தி சாய்ந்த பிறகு கிளைக்கு உள்ளே உட்கார்ந்திருக்கும் ஆந்தையை எடுத்தால் படம் முழுக்க மணல் தூவியது போல் புள்ளி புள்ளியாக வரும். அந்த நேரத்தில் முழு அளவுச் சென்சாரும் பெரிய லென்ஸும் வைத்திருக்கும் இளைஞர் ஜெயிப்பார். விடிந்து இரண்டு மணி நேரம் கழித்து அந்த அம்மாவும் ஜெயிப்பார், நடந்து போய் எடுப்பதால். போன மாதம் அந்தச் சின்ன லென்ஸ் சர்வீஸுக்கு வந்தது. ஃபோகஸ் வளையத்தின் ரப்பர் வழவழவென்று தேய்ந்திருந்தது. பார்க்க நன்றாக இருந்தது.

கட்டுரையாளர் விட்டுவிட்ட இன்னொன்று மனித உடம்பு. கேமரா ஏதோ ஒரே அச்சில் வார்த்த ஆட்களுக்குச் செய்தது போலத்தான் எல்லோரும் எழுதுகிறார்கள். இடது கண்ணால் பார்ப்பவர்கள் நிறையப் பேர் உண்டு. அவர்களின் கேமராவை எடுத்தவுடனே தெரியும், பின்திரையின் நடுவில் மூக்கு பட்ட எண்ணெய்ப் பிசுக்கு இருக்கும். பழைய கேமராக்களில் அதைத் துடைத்தால் போயிற்று. தொடுதிரை வந்த பிறகு புதுத் தொல்லை, மூக்கு பட்டு ஃபோகஸ் புள்ளி ஓடிவிடுகிறது. 'ஃபோகஸ் தானாக நகருது, ரிப்பேர்' என்று ஒருவர் கொண்டுவந்தார். கேமராவை வாங்கி நான் கண்ணில் வைத்தேன், ஒன்றும் நகரவில்லை, நான் வலது கண்காரன். அவரை வைத்துப் பார்க்கச் சொன்னதும் புள்ளி மூலைக்கு ஓடியது. மெனுவில் தொடுதிரையை நிறுத்தினேன், இரண்டு பேரும் சிரித்தோம், அதற்கு நான் காசு வாங்கவில்லை.

நிலாவுக்குப் போனவர்களுக்காக ஹாசல்பிளாட் கேமராவை மாற்றியதைப் பாருங்கள். தலையில் கவசம் இருக்கும், கண்ணைக் கேமராவில் வைக்க முடியாது. அதனால் வியூஃபைண்டருக்குப் படத்தைத் திருப்பும் உள் கண்ணாடியையும் வியூஃபைண்டரையும் எடுத்துவிட்டு நெஞ்சில் மாட்டிக்கொள்ளும்படி செய்தார்கள். கையுறை போட்ட விரலுக்குத் தோதாகப் பெரிய கைப்பிடிகள் வைத்தார்கள். பூமியில் நடக்கும் ஒருவருக்கு அந்தக் கேமரா எதற்கு ஆகும்?

நாடக மேடைப் படங்கள் எடுத்துக்கொண்டிருந்த ஒருவரைச் சொல்கிறேன். என் வாடிக்கையாளர்களில் ரொம்பப் பழையவர். முதலில் அவருக்கு டிஎஸ்எல்ஆரின் சத்தம் பிரச்சினை, வியூஃபைண்டருக்குப் படத்தைத் திருப்பும் கண்ணாடி உள்ளே தூக்கி அடிக்கிற 'டக்' கடைசி வரிசை வரை கேட்கும். சத்தமில்லாத எலக்ட்ரானிக் ஷட்டர் வந்தபோது குழந்தை மாதிரி குதித்தார். ஒரு வாரம்தான். மேடையில் எல்இடி விளக்குகளைப் போட்டிருந்தார்கள், எடுத்த படம் எல்லாவற்றிலும் குறுக்கே பட்டை பட்டையாக விழுந்திருந்தது. சென்சார் படத்தை மேலிருந்து கீழாக வரி வரியாகப் படிக்கிறது, விளக்கு அதைவிட வேகமாக அணைந்து அணைந்து எரிகிறது. இதற்கும் ஒரு கேமரா வந்துவிட்டது, 2023 கடைசியில் சோனி அறிவித்த ஏ9-இன் மூன்றாம் பதிப்பு. முழுச் சென்சாரையும் ஒரே நொடிப்பில் படிக்கும், விநாடிக்கு 120 படம் வரை எடுக்கும். ஆனால் அதன் ஐஎஸ்ஓ, அதாவது ஒளியை உணரும் அளவு, 250-இல்தான் தொடங்குகிறது, மற்றவற்றில் வழக்கமாக 100. நிதானமாக, நல்ல வெளிச்சத்தில், நிழலின் ஆழம் வரை விவரம் வேண்டும் என்பவருக்கு அதில் கொஞ்சம் குறை. இங்கே இழுத்தால் அங்கே குட்டையாகிற போர்வைதான்.

அந்த மேடைக்காரருக்குப் பிறகு பக்கவாதம் வந்தது. வலது கை ஓய்ந்துவிட்டது. ஒரு நாள் கேமராவை மடியில் வைத்துக்கொண்டு என் முன்னால் உட்கார்ந்தார். அப்போதுதான் எனக்கே உறைத்தது, ஷட்டர் பட்டன், சக்கரங்கள், கைப்பிடி எல்லாம் வலது பக்கம்தான். இத்தனை வருடத்தில் என் மேசைக்கு வந்த டிஜிட்டல் கேமராக்களில் ஒன்றுகூட இடது கைக்கு என்று செய்யப்பட்டதில்லை. ஃபிலிம் காலத்தில் எக்சாக்டா என்று ஒரு ஜெர்மன் கேமரா இருந்தது. 1936-ல் வந்த கினே எக்சாக்டாவில் ஷட்டர் பட்டனும் ஃபிலிம் சுற்றும் லீவரும் இடது பக்கம் இருக்கும். தொழில் பழகின காலத்தில் அதைக் கையில் எடுத்துவிட்டு, 'யாருடா இப்படி ஏடாகூடமாகச் செய்தது' என்று சிரித்திருக்கிறேன்.

அவருக்கு ஒரு ஏற்பாடு செய்தேன். முக்காலியில் கேமரா, அதன் அடியில் ஒரு தகடு, தகட்டின் இடது முனையில் ஒரு பிடி, பிடியில் ஒரு பட்டன். பட்டனிலிருந்து மூன்று கம்பி, ஒன்று பொது, ஒன்று ஃபோகஸுக்கு, ஒன்று ஷட்டருக்கு. பாதி அமுக்கினால் ஃபோகஸ், முழுக்க அமுக்கினால் படம். ஆனால் அபர்ச்சரை, அதாவது லென்ஸில் ஒளி போகும் திறப்பை, மாற்றும் சக்கரம் வலது கட்டைவிரலுக்கு நேராக இருந்தது. அதற்கு என்ன செய்வது என்று இரண்டு நாள் மண்டையைக் குழப்பிக்கொண்டேன். கடைசியில் விடை என் அலமாரியிலேயே இருந்தது. அபர்ச்சர் வளையம் லென்ஸ் மேலேயே இருக்கும் பழைய லென்ஸ் ஒன்று, ஆட்டோஃபோகஸ்கூட இல்லாதது. அதை மாட்டியதும் கேமராவின் அந்தச் சக்கரத்துக்கு வேலையே இல்லாமல் போயிற்று. இடது கையால் வளையத்தைத் திருப்பி, ஃபோகஸையும் கையால் வைத்து, அதே கையால் பட்டனை அமுக்கினார். எந்த விமர்சனக் கட்டுரையும் 'காலாவதியானது' என்று ஒதுக்கியிருக்கும் லென்ஸ் அது. ஃபோகஸுக்கு என்று நான் இழுத்த கம்பி வீண், அது வேறு கதை. ஒரே ஆளுக்கே வெளிச்சம் மாறியபோது ஒன்று, உடம்பு மாறியபோது ஒன்று என்று வேண்டியிருந்தது.

செல்போனை மறந்துவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். 'எல்லோருக்கும்' என்ற சொல்லுக்குப் பக்கத்தில் வருவது அதுதான், அதை ஒப்புக்கொள்ள எனக்கு வெட்கம் இல்லை. ஜப்பானின் கேமரா தயாரிப்பாளர் சங்கக் கணக்கில் 2010-ல் சுமார் 12 கோடி டிஜிட்டல் கேமராக்கள் விற்பனைக்கு அனுப்பப்பட்டன, 2023-ல் 80 லட்சம்கூட இல்லை. கணக்கைப் பார்க்காமலே எனக்கு அது தெரிந்தது. ஒரு காலத்தில் லீவு முடிந்த வாரங்களில் என் மேசை முழுக்கச் சின்னக் கேமராக்கள்தான், பல்சக்கரத்தில் கடற்கரை மணல் மாட்டி, லென்ஸ் பாதியில் நின்றபடி. பல் தேய்க்கும் பிரஷ்ஷால் மணலைத் தட்டித் தட்டியே என் ஒரு விரல் காய்த்துப்போனது. அவை வருவது நின்றே போயிற்று. அவ்வளவு பேருக்கும் போன் போதுமாகிவிட்டது, படமும் பெரும்பாலும் நன்றாகத்தான் இருக்கிறது. போன் அமுக்குவதற்கு முன்னும் பின்னும் பல படங்களை எடுத்து ஒன்றாகச் சேர்க்கிறது. அசையாமல் நிற்பவருக்கு அது அற்புதம். மங்கலான அறையில் ஓடும் குழந்தைக்குச் சில நேரம் மூன்று கை வரும்.

கட்டுரை வந்த மறுநாள் உங்கள் கடிதப் பகுதியில் ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர், 'அப்படியானால் நான் அதையே வாங்கிவிடலாமா?' என்று கேட்டிருந்தார். அவருக்கு என் பதில் இது. அம்மா, அவசரப்படாதீர்கள். உங்கள் போனில் மனசுக்குப் பிடிக்காமல் போன படங்களை மட்டும் ஒரு ஐம்பது எடுத்துப் பாருங்கள். ஏன் பிடிக்கவில்லை? தூரத்தில் இருந்ததாலா, இருட்டாலா, ஆள் அசைந்ததாலா, மிகக் கிட்டத்தில் போக முடியாததாலா? பெரும்பாலும் ஒரே காரணம்தான் திரும்பத் திரும்ப வரும். அந்தக் காரணத்துக்கு மருந்து எந்தக் கேமராவில் இருக்கிறது என்று கேளுங்கள், கட்டுரையில் உள்ள மாடலில் அது இருந்தால் அதையே வாங்குங்கள். வாங்குவதற்கு முன், ஒரு கிலோ எடையுள்ள எதையாவது கழுத்தில் மாட்டிக்கொண்டு ஒரு பகல் முழுக்க நடமாடிப் பாருங்கள். மூக்குக் கண்ணாடி போடுபவர் என்றால் அதோடு வியூஃபைண்டரில் நாலு மூலையும் தெரிகிறதா என்று பாருங்கள். இதை எந்தக் கட்டுரையும் உங்களுக்காகப் பார்த்துச் சொல்ல முடியாது. முடிந்தால் யாராவது வைத்து ஓட்டிய பழைய கேமராவிலேயே தொடங்குங்கள். ஒரு வருடம் கழித்து எந்த இடம் தேய்ந்திருக்கிறது என்று என்னிடம் காட்டினால், அடுத்தது என்ன என்று இரண்டு பேரும் உட்கார்ந்து பேசலாம்.

இந்தக் கடிதத்தை நேற்றே முடித்திருக்க வேண்டியது. நடுவில் அந்த வானத்துக்காரர் வந்துவிட்டார். ஒன்பது வருடம் ஓடியதில் ராத்திரி விழிப்பது அவருக்கு முடியவில்லையாம். தக்காளியாகச் சிவந்திருந்த அந்த மகளுக்கு இப்போது பதினேழு வயது, அப்பாவின் கேமராவைக் கேட்கிறாளாம், தோழிகளை எடுக்க. 'அந்தப் பழைய கண்ணாடியை இனிமேல் எங்கே தேடுவது' என்று கவலையோடு கேட்டார். அன்றைக்குக் கழற்றியதை ஒரு ஃபிலிம் டப்பாவில் பஞ்சு வைத்து, மேலே தேதி எழுதிப் பத்திரமாக வைத்திருந்தேன். எடுத்து ஊதி, விளக்கில் பிடித்துப் பார்த்தோம். கீறல் இல்லை. அதே இளநீலப் பச்சை. இன்று மாலை பூட்டி, ஃபோகஸை ஒருமுறை சரிபார்த்துக் கொடுத்துவிடுவேன். கேமராவைத் திறந்தபோது உள்ளே ஒரு திருகாணி மட்டும் தலை மழுங்கி இருந்தது. தப்பான திருப்புளியைப் போட்டிருக்கிறேன், ஒன்பது வருடத்துக்கு முன் நானேதான்.

இப்படிக்கு,
கேமரா மெக்கானிக் ஒருவர்